கருவி வாங்கும் முன் ஊத வைக்க ஆள் போடுங்கள்

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், மாவட்ட அரசு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஆளை நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப ஊதுங்க! விடாதீங்க, விடாதீங்க" என்று கத்துவதுதான் என் தொழில். நோயாளிகள் இதை ஊதுற டெஸ்ட் என்பார்கள். டாக்டர்கள் சீட்டில் பி.எஃப்.டி. என்று எழுதுவார்கள். சாயங்காலமானால் எனக்குத் தொண்டை கட்டிவிடும். அரசு மருத்துவமனையிலும் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன், தனியாரிலும் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்க வந்தது இதுதான். நாள்பட்ட மூச்சுத் தொல்லையோடு அரசு மருத்துவமனைப் படியேறுகிற எவருக்கும், காலமெல்லாம் சாப்பிடவேண்டிய மருந்து என்று ஒன்றை எழுதிக் கொடுக்கும் முன், நுரையீரலை அளந்து பார்க்க வேண்டும். அதற்குக் கருவி வாங்குவது இரண்டாவது வேலை. முதல் வேலை, அந்தச் சோதனையை நடத்தத் தெரிந்த ஆளை நியமிப்பது. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. நல்ல திட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. வீட்டுத் திண்ணையில் பி.பி. பார்ப்பதும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் பார்ப்பதும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இன்று அத்துப்படி. "எனக்கு நூத்தி அம்பது, தொண்ணூறு இருக்கும்மா" என்று தன் எண்ணைத் தானே ஒப்பிக்கிறார்கள். அதே பாட்டியிடம் மூச்சைப் பற்றிக் கேளுங்கள். எண் எதுவும் கிடையாது. "வீசிங் இருக்கு." எத்தனை வருஷமாக? "அது ஆச்சு பத்து பதினைஞ்சு வருஷம்." யார் சொன்னது? ஊர் டாக்டர். எதை வைத்துச் சொன்னார்? நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து.

கேள்வியே கேட்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வீடு வீடாகப் போய் நிரப்புகிற மதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு. மூச்சு வாங்குகிறதா என்று அதில் கேள்வி இருக்கிறது. எதை எரித்துச் சமைக்கிறீர்கள், விறகா, வறட்டியா, மண்ணெண்ணெயா, கேஸா என்று கேள்வி இருக்கிறது. புகையும் தூசியும் உள்ள இடத்தில் வேலை பார்க்கிறீர்களா என்றும் இருக்கிறது. இவ்வளவையும் யோசித்து எழுதியவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் "ஆம்" என்று குறித்த பிறகு அந்த ஆம் எங்கே போகிறது? பி.பி. அதிகம் என்றால் அடுத்த படி என்ன என்று தன்னார்வலருக்குத் தெரியும், சர்க்கரை அதிகம் என்றாலும் தெரியும். மூச்சு வாங்குகிறது என்றால் "டாக்டரைப் பாருங்க". டாக்டரிடம் இருப்பதும் அதே ஸ்டெத்தாஸ்கோப்தான்.

நோயின் பரப்பு சின்னதாக இருந்தால் இதை விட்டுவிடலாம். 2018-இல் லான்செட் குழும இதழில் வெளியான மாநில வாரியான ஆய்வின்படி, 2016-இல் இந்தியாவில் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர். நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் முழுதும் இழக்கும் ஆரோக்கியமான வாழ்நாட்களில் 32 விழுக்காடு நம் நாட்டுக்கணக்கு. உலக மக்கள்தொகையில் நம் பங்கோ 18 விழுக்காடுதான்.

ஸ்டெத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்குக் கேட்காத நோய்தான் இது. மூச்சுக்குழாய் மிக மோசமாக அடைத்திருந்தால் விசில் சத்தமே வராமல் நெஞ்சு அமைதியாக இருக்கும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் விசில் கேட்கும். ஆகவே வீசிங் என்று பெயர் வாங்கியவர்களைப் பரிசோதித்தால் ஒருவருக்கு ஆஸ்துமா, ஒருவருக்கு விறகுப் புகையால் வந்த சி.ஓ.பி.டி., ஒருவருக்குப் பழைய காசநோயின் தழும்பு, இன்னொருவருக்கு நுரையீரலில் ஒன்றுமே இல்லை, கோளாறு இதயத்தில். எல்லோருக்கும் இதுவரை கிடைத்தது என்னவோ ஒரே ஊசி, ஒரே மாத்திரைதான். மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் வாங்கிய ஸ்டீராய்டை ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்களை உயரம் அளக்கும்போதே எங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். முகம் உப்பியிருக்கும், முதுகு வளைந்திருக்கும், கையைத் தொட்டால் தோல் காகிதம் போலிருக்கும். இன்ஹேலர் கொடுத்தால் மட்டும் "பம்ப் வேண்டாம்மா, பழகிடும்" என்பார்கள்.

பெண்கள் கதை இன்னும் மோசம். சி.ஓ.பி.டி. என்றால் பீடி குடிக்கும் ஆண்களுக்கு வருவது என்று டாக்டர்களே மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். ஆகவே நாற்பது வருஷம் விறகடுப்பில் குனிந்து ஊதாங்குழல் பிடித்த அம்மாவுக்கு "வயசாயிடுச்சு, உடம்பு வெயிட்டு, ரத்தம் கம்மி" என்று காரணங்கள் கிடைக்கும். கேஸ் அடுப்பு வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது. இன்றைக்கு ஐம்பத்தைந்து வயதாகிறவர் சின்ன வயதில் உள்ளிழுத்த புகை அவரோடுதான் இருக்கிறது. வெந்நீர் போட இன்னும் விறகுதான் என்று பேச்சுவாக்கில் சொல்பவர்களும் உண்டு.

சோதனை ஒன்றும் புதிதில்லை. லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-இலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தன் கருவியில் ஊதவைத்து அளந்து எழுதிவிட்டார். முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்க்கும் யோசனையை 1947-இல் பிரான்சில் திஃபெனோவும் பினெல்லியும் சேர்த்தார்கள். அந்த அளவுதான் எஃப்.இ.வி.1. முழு மூச்சையும் இழுத்து, அடிவரை ஊதித் தள்ளும் மொத்தக் காற்று எஃப்.வி.சி. நோயாளிகளிடம் நான் இப்படிச் சொல்வேன்: வாயகன்ற குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் ஒரே கொட்டில் கொட்டிவிடும், குறுகிய வாய் என்றால் களக் களக் என்று நேரமாகும். குடம் சின்னதா, வாய் குறுகலா, அதைத்தான் பார்க்கிறோம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்துப் பார்த்த பிறகும் முதல் வினாடிக் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். மருந்துக்குப் பின் நன்றாக ஏறி இயல்புக்கு வந்துவிட்டால் ஆஸ்துமாவின் பக்கம் யோசிக்கலாம். மொத்தக் காற்றே குறைந்திருந்தால் வேறு பாதை.

ஏன் சீக்கிரம் அளக்க வேண்டும் என்பதற்கும் பழைய ஆதாரம் உண்டு. நுரையீரல் இருபத்தைந்து வயதுவாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு எல்லோருக்குமே ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். புகைபிடிப்பவர்களில் ஒரு சாராருக்கு அந்த இறக்கம் மிக வேகமானது என்று 1977-இல் பிளெட்சரும் பீட்டோவும் காட்டினார்கள். நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று ஆள் வந்து சொல்லும் நேரத்தில் பலருக்குப் பாதிக்கு மேல் போயிருக்கும். போனது திரும்பி வராது. இன்னும் போகாமல் நிறுத்தப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இனி, ஆள் பற்றி.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது நோயாளி சும்மா இருந்தால் போதும். எக்ஸ்ரேக்கு மூச்சைப் பிடித்தால் போதும். இந்தச் சோதனையில் மட்டும்தான் நோயாளி தன் முழுப் பலத்தையும் போட வேண்டும், அதுவும் எதற்கென்று புரியாத ஒரு வேலைக்கு. மூச்சு வாங்குகிறது என்று வந்தவரிடம், இருக்கிற மூச்சையெல்லாம் ஊதித் தள்ளு என்கிறோம். அவர் பயப்படுவார். பாதி இழுப்பார். மெதுவாக ஊத ஆரம்பிப்பார். உதட்டோரம் காற்றுக் கசியும். நாக்கு குழாயை அடைக்கும். முதல் வினாடியிலேயே இருமல் வரும். ரெண்டு வினாடி ஊதிவிட்டுக் குழாயை எடுத்துவிடுவார். இது ஒவ்வொன்றுக்கும் திரையில் ஓடும் வரைகோட்டில் ஒரு அடையாளம் உண்டு. அதைப் பார்த்த கணத்தில் தவறு எங்கே என்று தெரிந்து, அடுத்த முறை அதை மட்டும் திருத்தச் சொல்லத் தெரிய வேண்டும். சரியாக ஊதியவை குறைந்தது மூன்று வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க, ஐரோப்பிய சங்கங்கள் 2019-இல் திருத்தி வெளியிட்ட விதி. எட்டு முறைக்கு மேல் பெரியவர்களை வதைக்கக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் நான்கு பஃப், பம்ப்போடு மாட்டும் ஸ்பேசர் என்ற கூடு வழியாகக் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, மறுபடியும் அதே கூத்து. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் சாதாரணமாக ஆகும். "என்னம்மா, காலையிலிருந்து எட்டுப் பேர்தான் முடிச்சிருக்கே?" என்று கேட்கும் அதிகாரிகளிடம் சொல்ல இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

புத்தகத்தில் இல்லாததும் நிறைய இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள், அதிலும் வயதானவர்கள், முழு வேகத்தில் ஊதினால் சிறுநீர் கசிந்துவிடும். அந்தப் பயத்திலேயே அடக்கி ஊதுவார்கள். வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். உள்ளே கூப்பிடும் முன்பே பாத்ரூம் போய்வரச் சொல்லி, பாவாடை முடிச்சைத் தளர்த்திக்கொள்ளச் சொன்னால், அதே அம்மாவின் எண் வேறாக வரும். இதை ஓர் ஆண் டாக்டரோ, அன்றைக்கு மட்டும் அந்த அறைக்கு மாற்றிவிடப்பட்ட ஊழியரோ கேட்கப்போவதில்லை. பல்செட் கச்சிதமாக இருந்தால் கழற்றவேண்டாம், உதடு நன்றாகக் கவ்வும். ஆடினால் கழற்ற வேண்டும். முதுகு கூனிப்போனவருக்கு உயரத்தை அளந்தால் கணக்குத் தப்பிவிடும், இரு கையையும் விரிக்கச் சொல்லி அளக்க வேண்டும். காலையில் பம்ப் அடித்துவிட்டு வந்தாரா, வயிறு முட்டச் சாப்பிட்டாரா, போன வாரம் மாரடைப்பு வந்ததா, கண்ணில் அறுவை நடந்ததா, சளியில் ரத்தம் வந்ததா என்று கேட்காமல் குழாயைக் கையில் கொடுக்கவே கூடாது. சிலருக்குத் தலை சுற்றும், நாற்காலிக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். சக்கரம் வைத்த நாற்காலி கூடவே கூடாது. இதைக் கொள்முதல் பிரிவுக்காகவே குறிப்பிடுகிறேன்.

ஆள் தெரியாதவராக இருந்தால் கருவி சும்மா இருக்காது, ஏதாவது ஒன்றை அச்சடித்துக் கொடுக்கும். அரைகுறையாக ஊதினால் மொத்தக் காற்றுக் குறையும். கணினி "நுரையீரல் சுருக்கம்" என்று எழுதிவிடும். அந்தத் தாளை வைத்து சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டு, கடன் வாங்கிப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று வந்தவர்களை நான் மறுபடி ஊதவைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கமும் உண்டு. ரெண்டு வினாடியில் நிறுத்திவிட்டால் மொத்தம் குறைவாகக் காட்டி, விகிதம் நன்றாக இருப்பதுபோல் வரும், அடைப்பு மறைந்துவிடும். தப்பான எண் ஒன்று கையில் இருப்பதைவிட எண்ணே இல்லாமலிருப்பது மேல் என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கருவி பீரோவுக்குள் இருந்தது. வாங்கும்போது கொடுத்த வாய்க்குழாய்கள் தீர்ந்தன, மறுபடி யாரும் கேட்டு எழுதவில்லை. பயிற்சி பெற்ற நர்ஸ் இடமாறுதலில் போய்விட்டார். அளவு சரிபார்க்கும் மூன்று லிட்டர் சிரிஞ்சு பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படவே இல்லை. தினமும் காலையில் அந்த மூன்று லிட்டரைக் கருவிக்குள் தள்ளி, மூன்று விழுக்காட்டுக்குள் வித்தியாசம் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் நோயாளியைக் கூப்பிட வேண்டும். அது தெரிந்தவர் அங்கே இல்லை. இருப்புப் பதிவேட்டில் மட்டும் "இயங்கும் நிலை" என்று இருந்தது.

இன்னொன்றையும் துறைதான் தீர்க்க முடியும், மருத்துவமனைகளால் முடியாது. ஒருவர் இவ்வளவு ஊத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அளவைக் கருவி வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்துப் போடுகிறது. எந்த ஊர் மக்களின் அளவோடு ஒப்பிடுவது என்பது கருவியின் அமைப்புக்குள் ஒரு தேர்வு. ஓரிடத்தில் வெள்ளையர் அளவு, ஓரிடத்தில் அதில் பத்து விழுக்காடு குறைத்தது, இன்னோரிடத்தில் ஏதோ ஓர் இந்தியச் சமன்பாடு. இதனால் ஒரே அம்மாவின் ஒரே ஊதல் ஒரு மருத்துவமனையில் லேசு, பக்கத்து மருத்துவமனையில் நடுத்தரம் என்று வரும். ஆறு மாதத்தில் நோய் முற்றிவிட்டதாக அவர் நினைத்து அழுவார். 2012-இல் உலக அளவில் பொதுவாக வந்த சமன்பாட்டில் இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. இன வேறுபாடே பார்க்காத பொதுச் சமன்பாடு பிறகு வந்து, 2023-இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் அதையே பயன்படுத்தச் சொன்னது. நம்மூரிலும் கணக்கு இல்லாமலில்லை: சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் விஜயன் குழுவினர் மதராஸின் ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து 1990-இல் தோராக்ஸ் இதழில் வெளியிட்டார்கள். எது சரி என்று வல்லுநர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். என் வேண்டுதல், மாநிலம் முழுக்க எல்லா அரசுக் கருவியிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும். அது எது என்று அறிக்கைத் தாளிலேயே அச்சாக வேண்டும். இதற்குச் செலவு ஒரு சுற்றறிக்கை.

முதலில் யாருக்குச் செய்வது என்று கேட்டால், காசநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கு என்பேன்.

ஆறு மாதம் மாத்திரை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்றானதும் காசநோய்க் கணக்கில் அவர் பெயர் மூடப்படுகிறது. குணமானவர் என்று எழுதப்படுகிறது. கிருமி போனது உண்மை. கிருமி தின்ற இடம் தழும்பாக அங்கேயே இருக்கிறது. அவர்களில் கணிசமானவர்களுக்கு மூச்சுக்குழாய் அடைத்திருக்கும், அல்லது நுரையீரல் சுருங்கியிருக்கும், அல்லது இரண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், மூட்டை தூக்க முடியாது. அந்த ஆளுக்கோ முப்பத்தைந்து வயது, வேலை பாரம் தூக்குவது. பிறகு இருமலோடு திரும்பி வந்தால் எக்ஸ்ரேயில் பழைய நிழல் தெரியும். மறுபடி டி.பி. என்று மறுபடி ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடும், சளியில் கிருமி உண்டா என்று உறுதியாகாமலே. சிகிச்சை முடிந்த அன்றே ஒரு ஸ்பைரோமெட்ரி, அதாவது இதே ஊதுற டெஸ்ட், எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தால் அடுத்த டாக்டருக்கு ஒப்பிட ஓர் எண் இருந்திருக்கும்.

இது நம் மாநிலத்துக்கு முடியாத காரியமல்ல. தாம்பரத்தில் டாக்டர் சவரிமுத்து 1928-இல் தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் பெயர் ரயில் நிலையத்துக்கே நின்றுவிட்டது. சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்கு நிரூபித்தது சென்னைதான். 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாக நோய் கண்டவருக்கு எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், தானாக நிற்க முடிகிறதா என்று ஊழியர்களே பார்த்து, ஆபத்தானவர்களை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். நோய் கண்ட அன்று இவ்வளவு அளக்கிற துறை, நோய் முடிந்த அன்று ஒரே ஒரு அளவைச் சேர்த்துக்கொள்ள முடியாதா? கிருமி இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது, அடுத்தவருக்குத் தொற்றும். முடிந்த பிறகு செய்வதில் தடையில்லை, ஆளுக்கொரு வடிகட்டி போட்டால்.

அடுத்து பஞ்சாலை, கல்குவாரி ஆட்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸும் கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸும் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்கவேண்டிய நோய்களாகச் சேர்க்கப்பட்டவை. வார விடுமுறை கழித்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுக்குகிறது என்று நூற்பாலைப் பெண்கள் சொல்வதைக் கேட்டாலே நோய் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு எண் வேண்டும். இழப்பீடு கேட்கப்போனால் முதலில் கேட்பதும் அந்த எண்ணைத்தான். இது தொழிலாளர் துறையோடு சேர்ந்து பேசவேண்டியது, நான் இங்கே நீட்டவில்லை.

நுரையீரல் நோயே இல்லாத நாள்பட்ட நோயாளிகளையும் மறந்துவிடக்கூடாது. முடக்குவாதம், தோல் இறுகும் ஸ்க்லெரோடெர்மா உள்ளவர்களுக்கு மூட்டையும் தோலையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரையீரல் அடியில் இறுகிக்கொண்டு வரும். தசைச்சிதைவு நோய் உள்ள பையன்களுக்கு மூச்சுத் தசைகள் தளர்வதை எஃப்.வி.சி.தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரவில் மூச்சுக் கருவி எப்போது வைப்பது என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். ஊதுற டெஸ்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கோவிட் வந்து தேறிய 207 பேரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்து 2024-இல் வெளியிட்டபோது, 44 விழுக்காட்டினருக்கு நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன் குறைந்திருந்தது. அதை அளக்கப் பெரிய கருவி வேண்டும். அது மருத்துவக் கல்லூரிகளில் இருந்தால் போதும்.

ஒரு வேண்டாததையும் சொல்லிவிடுகிறேன். முகாம் போட்டு வரிசையில் நிற்பவர்களையெல்லாம் ஊதவைக்காதீர்கள். தொல்லையே இல்லாதவரை ஊதவைத்துத் தேடுவதில் பலன் இருப்பதாக ஆதாரமில்லை. அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2016-இலும் 2022-இலும் வேண்டாம் என்றே சொன்னது. மருந்துக் கம்பெனி செலவில் நடக்கும் முகாம்களையும் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம், மருந்துக்குப் பிந்தைய சோதனை கிடையாது, வெளியே வரும்போது கையில் அந்தக் கம்பெனியின் இன்ஹேலர் பெயர். நம் முகாமும் அப்படி ஆகிவிடும், எண்ணிக்கைதான் இலக்கு என்றால். மூச்சு வாங்குகிறவர், நாள்பட்ட இருமல் உள்ளவர், படிவத்தில் "ஆம்" வந்தவர், டி.பி. முடித்தவர், இவர்கள் போதும். அதுவே கூட்டம் தாங்காது.

ஆட்கள் எங்கே என்பீர்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சுவாச சிகிச்சைக்கென்றே பி.எஸ்சி. பட்டப்படிப்பு இருக்கிறது. அதைப் படித்த பிள்ளைகளில் பலர் தனியார் ஐ.சி.யு.க்களில் வென்டிலேட்டர் பார்க்கிறார்கள், சிலர் வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒருவர் என்று நிரந்தரப் பணியிடம் போடுங்கள். இடமாறுதல் வந்தாலும் அதே வேலைக்கு வேறு ஊரில் போகட்டும், பிரசவ வார்டுக்கு அல்ல. அது நிலைத்த பிறகு தாலுகா மருத்துவமனைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் அவரே கருவியோடு போய்வரலாம், சின்னக் கருவி பைக்குள் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இப்போதே கருவி கொடுக்காதீர்கள். அங்கே ஊதும் வேகத்தை மட்டும் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் போதும், மின்சாரமும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், ஆஸ்துமா ஏறி இறங்குவதை அது காட்டிவிடும்.

ஊதவைத்தவரே இன்ஹேலர் பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கட்டும். இரண்டும் ஒரே வித்தைதான், மூச்சைச் சரியான நேரத்தில் இழுப்பது. பம்ப்பை அமுக்கிவிட்டு அப்புறம் இழுக்கிறவர்கள், இழுத்த கையோடு மூக்கு வழியாக விட்டுவிடுகிறவர்கள், ஸ்பேசரைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருக்கிறவர்கள் நிறைய. ஆனால் இதெல்லாம், அறிக்கையை எடுத்துக்கொண்டு போகும் ஊரின் சுகாதார நிலையத்தில் இன்ஹேலர் மாதாமாதம் தடையில்லாமல் கிடைத்தால்தான். எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு மருந்துக்கு டவுனுக்கு அலையவிட்டால் அவர் பழையபடி ஊசிக்கே போய்விடுவார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் கொடுக்கத் தெரியும். யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல்தான் இல்லை. அந்தப் பட்டியலை நாங்கள் தருவோம்.

மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் எழுதும் நாளில் இந்தச் சில வரிகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: மூன்று லிட்டர் சிரிஞ்சு கருவியோடு சேர்ந்தே வர வேண்டும். வடிகட்டியும் வாய்க்குழாயும் ஐந்து ஆண்டுக்கு விலை பேசி வைக்கப்பட வேண்டும், கருவி மலிவாகவும் குழாய் கொள்ளை விலையாகவும் இருக்கும் தந்திரம் இதில் வழக்கம். ஒவ்வோர் ஊதலின் வரைகோடும் திரையில் தெரிய வேண்டும், தாளிலும் வர வேண்டும், வெறும் எண்ணும் தீர்ப்பும் மட்டும் அச்சடிக்கும் கருவி வேண்டாம். சமன்பாட்டை மாற்றிக்கொள்ளும் வசதி பூட்டப்பட்டிருக்கக் கூடாது. அறிக்கையில் ஊதல் எவ்வளவு சரியாக நடந்தது என்ற தரக்குறியீடு, ஏ-யா சி-யா எஃப்-ஆ என்று, பெரிய எழுத்தில் வர வேண்டும், டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற எண்களை நம்ப வேண்டும். கருவி வந்து இறங்கும் தேதிக்கு முன்னால் நியமன ஆணை கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

பயிற்சி கொடுக்க ஆள் தேவைப்பட்டால் இந்த வேலையில் ஊறிய நாங்கள் மாவட்டத்துக்கு ஒருவராவது இருப்போம். எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நுரையீரல் பரிசோதனைக் கூட ஊழியர் ஒருவர்